சூடேறாத கைப்பிடி

பெப்ரவரி 10, திங்கள்

இந்தக் கொப்பி வண்டிக்கு. எனக்கில்லை. கொம்யூன், அதாவது இந்த ஊரின் நகரசபை, தந்த பதிவுப் புத்தகம் வேறாக இருக்கிறது. அதில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ‘எல்லாம் சரி’ என்று நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், எழுதிக் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் பழுது ஒன்று தலைகாட்டினால் அது எந்த நாள், எவ்வளவு குளிர், எந்த இடம் என்று ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தபோது பிடித்த பழக்கம்.

இன்று இரண்டு பழுது. காலையில் ஏரியின் நடுவில், ஆறாவது கிலோமீற்றரில், வெப்பம் காட்டும் சிவப்பு லைற் எரிந்தது. வெளியே சைபருக்குக் கீழே இருபத்திரண்டு. மூச்சே உறைகிற குளிரில் எஞ்சின் கொதிக்கிறது என்றால் கேட்கிறவன் சிரிப்பான். அடுத்தது கைப்பிடிகள். பனி ஸ்கூட்டரின் இரண்டு பிடிக்குள்ளும் மின்சாரத்தில் சூடாகும் கம்பி உண்டு. அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் விரல் மிஞ்சாது. இடது பிடி பேருக்குச் சூடாகிறது. வலது பிடி செத்துப்போய்விட்டது.

ஏரிக்கு அந்தப் பக்கம் றோட்டே இல்லாத இடத்தில் ஒரு வீடு இருக்கிறது. அங்கிருந்து எட்டு வயது எல்லேயைக் காலையில் ஏற்றிவந்து இந்தக் கரையில் பள்ளிக்கூட பஸ்ஸில் விடுவதும், பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் ஜனவரியிலிருந்து என் வேலை. ஒரு வழி பதினொரு கிலோமீற்றர். ஸ்கூட்டருக்குப் பின்னால் மூடிய சறுக்குவண்டி ஒன்று கொளுவியிருக்கும். அதற்குள் எல்லே, அவளுடைய புத்தகப்பை, என் மனைவி வதனி பொரித்துக் கொடுத்துவிடும் ரோல்ஸ்.

இருபத்தாறு வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். போன கோடையில் அதை மூடினார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்த வேலை கிடைத்த அன்று நான் அழுதேன் என்று வதனி ஊரெல்லாம் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். அழவில்லை. கண் கலங்கியது, அவ்வளவுதான்.

சிவப்பு லைற்றைக் கண்டு பயப்படுகிற ஆள் நானில்லை. பெற்றோல் வராத வருடங்களில் நாலு துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இரவு நல்ல பனி பொழிந்திருக்கிறது. கூலன்ற் மட்டம் சரி. கசிவு இல்லை. பியூஸ் சரி. லைற் எரியவில்லை. பிடி அதே குளிர்தான்.

பெப்ரவரி 13, வியாழன்

காற்று வந்து ஏரியைத் துடைத்துவிட்டது. ஐஸ் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. ஓடுவதற்கு இதைவிட நல்ல தரை கிடையாது. கரையோரமாகக் கம்பு நட்டு ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அது முழுக்கக் குவிந்த பனி. வண்டி அதில் தலையை ஆட்டும், ஹாண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டும். மணல் றோட்டில் ஓடிப் பழகியவனுக்குத் தெரியும், இறுகிய தரையைக் கண்டால் அதில் ஏறிவிட வேண்டும். நான் நடுவால்தான் போகிறேன்.

ஏழாவது கிலோமீற்றரில் திரும்பவும் லைற்.

பின்னேரம் கராஜில் மீற்றரை எடுத்துப் பிடிகளைச் சோதித்தேன். வலது பிடிக்குக் கரண்ட் போகிறது. கம்பி அறுபடவில்லை. மீற்றரின் பற்றறி பழசு. அதன் பேச்சை நம்ப முடியாது.

கராஜிலிருந்து வந்த கையோடு கடைக்குப் புறப்பட்டேன். வதனி வாசலில் மறித்தாள்.

“இஞ்சேருங்கோ, சேர்ட் பொத்தானைப் பூட்டாமல் எங்க போறீங்கள்?”

“அவசரமப்பா.”

“நேற்றும் அவசரம், முந்தநாளும் அவசரம்.” சொல்லிக்கொண்டே அவளே பூட்டிவிட்டாள்.

இரத்தத்தில் சீனி பார்க்கிற ஊசி புதிதாக மாற்றியிருக்கிறோம். விரலில் குத்துவதே தெரியவில்லை. பதினான்கு வருட சலரோகத்தில் இப்படி நல்ல ஊசி இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

பெப்ரவரி 17, திங்கள்

இன்று மோசமான நாள்.

எல்லேயை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நாலாவது கிலோமீற்றரிலேயே லைற் எரிந்தது. பிறகு வண்டி கத்தத் தொடங்கியது. எஞ்சினை நிறுத்தினேன். ஏரியின் நட்டநடு. காற்று. சறுக்குவண்டியின் மூடியைத் திறந்து எல்லே தலையை நீட்டினாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, பேச்சில் காற்றுப் போகிறது. அவளோடும் அவள் தாயோடும் நான் பேசுவது நொஸ்க்கில். இங்கே எழுதுவது எங்கட பேச்சில். இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதையும் அப்படியே எழுதுகிறேன்.

“நகு, ஏன் நிண்டிட்டாய்?”

“வண்டிக்குக் காய்ச்சல்.”

“மருந்து குடுத்தியா?”

“கொஞ்சம் ஆறட்டும். நீ ரோல்ஸைச் சாப்பிடு.”

“அம்மா சொன்னவ, நடு ஏரியில நிக்கக் கூடாதாம். ஆத்து வாய்ப் பக்கம் ஐஸ் மெல்லிசாம்.”

ஆறு புறப்படுகிற இடம் நாங்கள் நின்ற இடத்திலிருந்து தூரம்தான். ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலுக்குக் கீழே ஐஸ் எங்கேயோ வெடிக்கிற சத்தம் கேட்டது. குளிருக்கு ஐஸ் அப்படித்தான் வெடிக்கும், தடித்த ஐஸ்தான் கூடச் சத்தம் போடும். அது எனக்குத் தெரியும். பதினைந்து நிமிடம். அவள் ஒன்றிலிருந்து முந்நூறுவரை எண்ணினாள். பிறகு பின்னாலிருந்து எண்ணினாள்.

பஸ் போய்விட்டது. காரில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொம்யூனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், கொம்யூனிலிருந்து எனக்குப் போன். பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஈஸ்டருக்குப் பிறகு அடுத்த வருட ஓட்டுநரைத் தீர்மானிப்பார்களாம். அதை ஏன் இன்று சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

தேர்மோஸ்டாற்றை மாற்றினேன். பலனில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

பிடியின் சுவிச்சில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, சுவிச்சை விலக்கிவிட்டு வயரை நேரே பற்றறிக்குக் கொடுத்தேன். கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லை, முழுக் கரண்ட். இனிச் சூடேறாமல் எங்கே போகும்?

சூடேறவில்லை.

திரும்பி வரும்போது எல்லே சறுக்குவண்டிக்குள்ளிருந்து தட்டினாள். நிறுத்தினேன்.

“நகு, ஏதோ எரியிற மணம்.”

குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். பெல்ட்டைப் பார்த்தேன். புகை எதுவும் இல்லை. மணமும் இல்லை, எனக்குச் சளி.

“மயிர் எரிஞ்ச மாதிரி மணக்குது” என்றாள். அவள் கலைமான் வளர்க்கிற வீட்டுப் பிள்ளை, அவளுக்கு எல்லா மணமும் மயிரும் தோலும்தான்.

பெப்ரவரி 21, வெள்ளி

வலது கையுறையின் உள்ளங்கை கருகி மொறமொறவென்று இருக்கிறது. மலிவுக் கையுறை. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஞாயிற்றுக்கிழமை வடை சுடும்போது எண்ணெய் தெறித்திருக்கும்.

வதனி கொப்புளத்தைப் பார்த்துவிட்டாள்.

“இது எப்ப வந்தது?”

“ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய்.”

“ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டது நான். நீங்கள் ரீவி பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.”

நான் மருந்தைப் பூசிக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால்தான் எனக்குப் பயம்.

புதுக் கையுறை வாங்கியாயிற்று. தடித்தது.

பெப்ரவரி 24, திங்கள்

பின்னேரம் எல்லேயைக் கொண்டுபோய் விட்டபோது அவள் தாய் மாரெத் கரைக்கு வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். விடிய முதலே மந்தையைப் பார்க்க மலைக்குப் போய்விடுவாள், அதனால் அதிகம் காண்பதில்லை. வண்டி நின்ற கதையைப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

“மூடியைத் திற” என்றாள்.

திறந்தேன். மாற்றியது, கழுவியது, சோதித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போய் முழங்காலில் இருந்து, ஓடுகிற ரப்பர்ப் பட்டிக்கு மேலே கையை விட்டாள். பிறகு கேட்டாள்:

“இதில ரேடியேற்றர் எங்க இருக்கெண்டு தெரியுமா?”

முன்னால்தான் தேடியிருந்தேன். காணவில்லை. ஏதோ சின்னதாக உள்ளே இருக்கும் என்று விட்டுவிட்டேன். கையேடு நொஸ்க்கில் நூற்றைம்பது பக்கம், அதை யார் படிப்பது.

“இதுதான்” என்று பட்டிக்கு மேலே கூரை மாதிரி இருந்த அலுமினியத் தகட்டைத் தட்டினாள். “இதுக்குள்ளாலதான் தண்ணி ஓடுது. பட்டி சுத்தேக்க பனியை அள்ளி இதில எறியும். அந்தப் பனிதான் எஞ்சினைக் குளிராக்கிறது. ஐஸில ஓடினா எறியிறதுக்கு என்ன இருக்கு?”

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்தத் தகட்டில் ஒட்டியிருந்த பனியைத் தும்புத்தடியால் தட்டித் துப்புரவாக்கி வந்தவன் நான். பனி விழுந்த மறுநாள் லைற் எரியாமல் இருந்ததை இதே கொப்பியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

“பழுதே இல்லையா?”

“ஒரு பழுதும் இல்லை. பனியில ஓடு. இல்லாட்டி ஐஸைச் சுரண்டுற கம்பி இருக்கு, வாங்கிப் பூட்டலாம்.” எழும்பிக் கையைத் துடைத்தாள். “ஆனா நகு, கம்பு நட்ட பாதையை விட்டிட்டு நீ ஏன் நடுவால போறாய்?”

மணல் றோட்டுக் கதையைச் சொன்னேன். கிளிநொச்சி, மோட்டார் சைக்கிள், இறுகிய தரை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் சொல்லி முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்குப் பாதையால வா” என்றாள்.

பெப்ரவரி 25, செவ்வாய்

பாதையால் போனேன். லைற் எரியவில்லை. முதலாம் பழுது தீர்ந்தது.

ஆனால் ஹாண்டில் சரியில்லை. பனியில் வண்டி இழுக்கிற பக்கத்துக்கு உடனே திருப்ப வேண்டும், அந்த இழுப்பு என்னிடம் பிந்தித்தான் வந்து சேர்கிறது. இரண்டு இடத்தில் கம்பில் இடிக்கப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஹாண்டிலைக் கழற்றிப் பார்த்தேன். ஆட்டம் எதுவும் இல்லை.

பெப்ரவரி 26, புதன்

திரும்பவும் நடுவால் போனேன். மூன்று கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டேன். சுரண்டும் கம்பிக்கு ஓடர் கொடுத்திருக்கிறேன்.

“அம்மா பாதையால போகச் சொன்னவ” என்றாள் எல்லே.

“கம்பி வரட்டும்.”

“அம்மாட்டச் சொல்லலாமா?”

சொல்லாதே என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? “சொல்லு” என்றேன். அவள் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மாரெத்திடமிருந்து போன் வரவில்லை. ஒரு பிள்ளையைத் தாய்க்கு மறைக்கவைத்துவிட்டேன் என்று நாள் முழுக்க மனம் அரித்தது.

மார்ச் 4, செவ்வாய்

இந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூட விடுமுறை. கம்பிகள் வந்துவிட்டன. சின்ன வேலை, நாலு போல்ற், நாலு நட். கடையில் இருந்த காலத்தில் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். இன்று நட் பதினொரு தரம் விழுந்தது. கராஜ் நிலத்தில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தபோது வதனி வந்தாள்.

“தாங்கோ, நான் பிடிக்கிறன்.”

“நீர் போம். கையெல்லாம் கிறீஸாகும்.”

அவள் போகவில்லை. நட்டை விரல் நுனியில் வைத்து ஒரே சுற்றில் பூட்டினாள். பிறகு மற்றதையும். மீனுக்கு முள் எடுக்கிற வேலையில் அவளும் என்னோடு இருபது வருடம் நின்றவள். அவளுடைய விரல்கள் நல்லாயிருக்கின்றன.

சோதிப்பதற்காக எஞ்சினைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். எழும்பும்போது அவள் வலது கைப்பிடியைப் பிடித்தாள், உடனே கையை உதறினாள்.

“ஐயோ! சுடுது!”

“எங்க?”

“இதுதான்! அடுப்பு மாதிரிச் சுடுது!”

நான் பிடித்துப் பார்த்தேன். பிடித்தபடியே நின்றேன்.

“இப்பதான் கொஞ்சம் சூடாகுது போல” என்றேன்.

வதனி என் கையைப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து அதை எடுத்து விலக்கிவிட்டாள். ஒரு சின்னப் பிள்ளையின் கையை அடுப்புக்குப் பக்கத்திலிருந்து விலக்குவதுபோல. எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்: “டொக்டரிட்டப் போவம்.”

“ஈஸ்டர் முடியட்டும்.”

“ஈஸ்டருக்கு ஆறு கிழமை கிடக்கு.”

“ஆறு கிழமைதானே.”

“அந்தப் பிள்ளையை ஏத்திக்கொண்டு போறீங்கள்.”

நான் கோபத்தில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விரும்பவில்லை. இந்தக் கொப்பி வண்டிக்கு.

மார்ச் 5, புதன்

டொக்டரிடம் போனால் எழுதுவார். எழுதினால் கொம்யூன் பார்க்கும். பிறகு ஜன்னல்.

மார்ச் 6, வியாழன்

வயரைப் பற்றறியிலிருந்து கழற்றித் திரும்பவும் சுவிச்சில் கொடுத்தேன். இந்தக் கொப்பியில் என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. பேனை தடித்ததாக ஒன்று வாங்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

கம்பிகள் ஐஸைச் சுரண்டித் தூள் எறிகின்றன. லைற் எரியவில்லை. நடு ஏரியில் நாற்பதில் ஓடினேன். எல்லே உள்ளே பாடிக்கொண்டு வந்தாள். இந்த மாதத்தில் முதல்தரமாக நெஞ்சு இலேசாக இருந்தது. ஈஸ்டர்வரை இப்படியே ஓட்டிவிடலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கடல் பக்கமிருந்து சூடான காற்று. மழை. ஐஸுக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. கொம்யூனிலிருந்து குறுஞ்செய்தி: நடு ஏரி மூடப்பட்டிருக்கிறது, ஆற்று வாய் திறந்துவிட்டது, நட்ட கம்புகளை விட்டு யாரும் விலகக் கூடாது. இரவு திரும்பவும் குளிர்ந்து பனி கொட்டும் என்று வானிலை சொல்கிறது.

வதனி சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 12, புதன்

முழங்கால் அளவு புதுப் பனி. பாதையால் போனேன். வெறும் சறுக்குவண்டியோடு போகும்போது மெதுவாக, கவனமாக, சரியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லே ஏறினாள். ரோல்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். மூடியைச் சாத்தினேன்.

எட்டாவது கிலோமீற்றரில் பாதை ஆற்று வாய்க்குக் கிட்டே வந்து இடதுபக்கம் திரும்பிக் கரையில் ஏறும். திரும்புகிற இடத்துக்கு நேரே, போகக்கூடாது என்பதற்காகக் கம்புகளைக் குறுக்காக நட்டு வைத்திருக்கிறார்கள். பெருவிரலால் அழுத்துகிற லீவரை விட்டால் வண்டி மெதுவாகும். நான் விட்டேன். விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எஞ்சின் அடங்கவில்லை. லீவர் இறுகிவிட்டது, பழுது என்று ஒரு கணம் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். லீவரில் பழுதில்லை. என் பெருவிரல் அதை அழுத்திக்கொண்டே இருந்தது.

விடு என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். விரல் கேட்கவில்லை. இடது கையால் பிரேக்கைப் பிடித்தேன், பிடித்தேனா என்று தெரியவில்லை. குறுக்குக் கம்புகளை முறித்துக்கொண்டு போனோம். முன்னால் தண்ணீர். கறுப்பாக, ஆவி எழும்பிக்கொண்டு.

வண்டியிலிருந்து என் ஜாக்கெற்றுக்கு ஒரு கயிறு பூட்டியிருக்கும். ஓட்டுகிறவன் விழுந்தால் அது கழன்று எஞ்சின் நிற்கும். அது ஒன்றுதான் ஞாபகம் வந்தது. வலது பக்கம் என்னைத் தூக்கி எறிந்தேன். பனிக்குள் முகம் புதைந்தது. சத்தம் நின்றது.

எழும்பிப் பார்த்தபோது ஸ்கூட்டரின் மூக்குக்கும் தண்ணீருக்கும் இடையில் பத்து அடிகூட இல்லை. சறுக்குவண்டி சரிந்து நின்றது. மூடி திறந்தது.

“வந்திட்டமா?” என்று கேட்டாள் எல்லே. வாயில் ரோல்ஸ்.

பிறகு அவள் தண்ணீரைக் கண்டாள்.

“இறங்கு. ஓடாதே. மெதுவா. வந்த தடத்திலயே நடக்க வேணும்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் இறங்கினாள். என் கையுறை எங்கோ கழன்று போயிருந்தது. அவளும் சாப்பிடுவதற்காகத் தன் கையுறையைக் கழற்றியிருந்தாள். அவளுடைய கையைப் பிடித்தேன். காலுக்குக் கீழே பனி சொதசொதவென்று அமிழ்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் நின்று, கேட்டு, அடுத்த அடி வைத்தோம். ஐம்பது அறுபது அடி இருக்கும். எனக்கு ஒரு ஆயுள் முழுக்கப் போனதுபோல இருந்தது. இந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் அந்தத் தண்ணீருக்குள்ளேயே போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

கரையில் கல் தட்டுப்பட்டது. ஏறினோம். அப்போதுதான் அவள் அழுதுகொண்டு வருவதைக் கவனித்தேன்.

“பயப்படாதே. வந்திட்டம். பார், வந்திட்டம்.”

“பயமில்லை” என்று விம்மினாள். “நகு, கை. கையை விடு. நோகுது.”

பார்த்தேன். அவளுடைய சின்னக் கை என் பிடிக்குள் வெள்ளையாகிப் போயிருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காற்றைப் பிடித்திருந்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும். என் மற்றக் கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவளை விடுவித்தேன். புறங்கையில் நாலு சிவப்புத் தடம். மடக்கி நீட்டச் சொன்னேன். மடக்கினாள். எலும்புக்கு ஒன்றுமில்லை.

அந்தக் கல்லில் இருந்து நான் அழுதேன். இதை எழுதுகிறேன்: அழுதேன். எட்டு வயதுப் பிள்ளை, நோகிற கையாலேயே என் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

போனை அவளிடம் கொடுத்து அமத்தச் சொன்னேன். மாரெத் எடுத்தாள்.

“எல்லேக்கு ஒண்டுமில்லை. என்னோட கரையில இருக்கிறாள். வந்து கூட்டிக்கொண்டு போ” என்றேன். “வண்டிக்குப் பழுதில்லை. கைப்பிடிக்கும் பழுதில்லை. எனக்குத்தான் கை தெரியிறதில்லை.”

“எவ்வளவு காலமா?”

“வேலை எடுக்கிறதுக்கு முதலே.”

இதுவரை வதனிக்கும் சொல்லாததை, இந்தக் கொப்பிக்கும் சொல்லாததை, அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

“அதாலதான் ஐஸில ஓடினியா?” என்று கேட்டாள்.

“ஓம். ஐஸில கைக்கு வேலை இல்லை.”

அவள் திட்டவில்லை. வருகிறேன் என்றாள். அரை மணித்தியாலத்தில் தன் ஸ்கூட்டரில் வந்தாள். பிள்ளையைத் தூக்கி மேலே கீழே பார்த்தாள். கையைப் பார்த்தாள். நான் எழும்பி நின்று நடந்ததை முழுக்க ஒழுங்காகச் சொன்னேன், ஒன்றையும் குறைக்கவில்லை. கேட்டு முடிந்ததும் அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“நீ விழுந்தபடியா என்ர பிள்ளை இருக்கிறாள். நீ சொல்லாதபடியா இல்லாமலும் போயிருப்பாள்.”

பிறகு பின்சீற்றைக் காட்டினாள். “ஏறு. வதனியிட்டக் கொண்டுபோய் விடுறன்.”

மார்ச் 13, வியாழன்

காலையில் நானே கொம்யூனுக்குப் போன் பண்ணினேன். வதனி பக்கத்தில் நின்றாள். நொஸ்க்கில் இவ்வளவு நீளமாக நான் யாரோடும் பேசியதில்லை. அந்த மனுசி குறுக்கிடாமல் கேட்டாள். வண்டியின் திறப்பையும் பதிவுப் புத்தகத்தையும் மத்தியானம் வதனி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

மாரெத்திடமிருந்து குறுஞ்செய்தி. திங்கள் முதல் வேறு ஓட்டுநர் வருகிறாராம். எல்லேயின் கையில் தடம் மறைந்துவிட்டதாம். ரோல்ஸ் இனியும் வருமா என்று பிள்ளை கேட்கிறாளாம்.

வதனி மா குழைக்கத் தொடங்கிவிட்டாள். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. குசினியில் அவளுக்கு எதிரே இருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

டொக்டர் இளம்பெண். கொப்புளத் தழும்பைப் பார்த்தாள். பதினான்கு வருடச் சீனியையும் இருபத்தாறு வருட உறைந்த மீனையும் பற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் பிடியில் பூட்டிய தூண்டில் நூல் மாதிரி ஒன்றை எடுத்தாள்.

“கண்ணை மூடு. நான் விரலில தொடேக்க ‘ஓம்’ எண்டு சொல்ல வேணும். அவ்வளவுதான்.”

இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்துக் கண்ணை மூடினேன். இந்தச் சோதனையிலாவது தேற வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு தொடுகையையும் தவறவிடக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். சுவர் மணிக்கூடு கேட்டது. வெளியே பனி தள்ளுகிற வாகனம் போனது. டொக்டர் ஏதோ தாளில் கோடு போடுகிற சத்தம் கேட்டது. என் பெயரை எழுதுகிறாளாக்கும் என்று நினைத்தேன். நல்ல பிள்ளை, அவசரமில்லாமல் ஆயத்தப்படுத்துகிறாள். அப்போது பக்கத்தில் வதனி மூக்கை உறிஞ்சினாள்.

“நான் தயார்” என்றேன். “நீ தொடங்கலாம்.”

கண்ணைத் திறந்தேன். மேசையில் ஒரு தாள். அதில் இரண்டு கைகளின் படம். ஒன்பது விரல்களில் பிழை என்று புள்ளடி போட்டிருந்தது. டொக்டர் என் இடது கையின் சின்னவிரலில் நூலை வளையும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.